இருட்டை முதலில் அளந்து வையுங்கள்

வத்திராயிருப்பு, கூமாப்பட்டி, கான்சாபுரம் என்று நம் பக்கத்து ஊர்களிலிருந்து கிருஷ்ணன்கோவிலுக்கும் மதுரைக்கும் பஸ் ஏறிப் போய் நுண்ணுயிரியல், உயிர்வேதியியல் படிக்கும் பிள்ளைகள் இப்போது அதிகம். அவர்களில் சிலர், வெளிச்சம் பட்டால் வேலை செய்யும் பாக்டீரியா நொதிகளில் ஆய்வு செய்யப் போவதாகச் சொல்லி, வ. புதுப்பட்டிக்கு வந்து என்னிடம் யோசனை கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி முடியவில்லை. அதனால் எழுதியே வைக்கிறேன். பாடப்புத்தகத்தில் இருப்பதை அங்கேயே படித்துக்கொள்ளுங்கள். தொடங்குகிறவர்கள் வழக்கமாக இடறும் இடங்கள் மட்டுமே இங்கே உண்டு.

1. உங்கள் நொதிக்கு வெளிச்சம் ஒவ்வொரு தடவையும் வேண்டுமா, ஒரு தடவை பட்டால் போதுமா என்று முதல் நாளே கேளுங்கள். இதைப் பிரிக்காமல் படிப்பவர்கள் கடைசி வரை குழம்புகிறார்கள்.

முதல் வகைக்கு ஃபோட்டோலயேஸ் நல்ல உதாரணம். புற ஊதாக் கதிர் பட்டால் டி.என்.ஏ.வில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு தைமின்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இந்த நொதி அந்த இடத்தைத் தேடிப் பிடித்து, ஒட்டிய ஜோடியைத் தன் குழிக்குள் புரட்டி இழுத்து வைத்துக்கொண்டு காத்திருக்கும். நீல ஒளி பட்டதும் அதிலுள்ள ஃபிளேவின் ஒரு எலக்ட்ரானைக் கொடுக்கும், ஒட்டு விடும், எலக்ட்ரான் ஃபிளேவினுக்கே திரும்பும். எல்லாம் ஒரு நானோ விநாடிக்குள் முடிந்துவிடும். அடுத்த ஒட்டைப் பிரிக்க அடுத்த ஃபோட்டான் வந்தாக வேண்டும். பச்சையத்துக்கு முந்தைய பொருளைப் பச்சையப் பாதைக்குத் தள்ளும் நொதி ஒன்று நீலப்பச்சைப் பாசிகளில் இருக்கிறது. அதுவும் இந்த வகைதான்.

இரண்டாம் வகை வேறு மாதிரி. பெஜியடோவா என்ற கந்தக பாக்டீரியாவில் 2011-இல் விவரிக்கப்பட்ட பிபேக் என்ற புரதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 350 அமினோ அமிலங்கள் கொண்ட சின்னப் புரதம். முன்பாதி நீல ஒளியை உணரும், பின்பாதி ஏ.டி.பி.யை எடுத்து வளைய ஏ.எம்.பி.யாக மாற்றும். ஒரு ஃபோட்டான் பட்டால் பின்பாதி விழித்துக்கொண்டு சில விநாடிகளுக்கு மூலக்கூறு மேல் மூலக்கூறாகச் செய்துகொண்டே இருக்கும். சுமார் 20 விநாடிக்குள் தானாக அடங்கும். இங்கே வெளிச்சம் கண்மாயில் மடை திறந்துவிடுகிற ஆள் மாதிரி. வயலுக்குப் பாய்கிற தண்ணீர் அவர் கொண்டுவந்ததல்ல. ஏ.டி.பி. என்ற தண்ணீர் ஏற்கெனவே செல்லுக்குள் நிறைந்து நிற்கிறது.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். 450 நானோமீட்டர் நீல ஒளியின் ஆற்றல் மோலுக்கு 266 கிலோஜூல் அளவில் வரும். ஏ.டி.பி. நீராற்பகுப்பில் திட்ட நிலையில் கிடைப்பதோ 30 கிலோஜூல் அளவு. எட்டு மடங்குக்கு மேல் ஆற்றல் கையில் இருந்தும், இரண்டாம் வகை நொதிகள் அதை வேதிவேலைக்குப் பயன்படுத்துவதில்லை. பெரும்பகுதி வெப்பமாகப் போகிறது. செய்தி மட்டும் மிஞ்சுகிறது.

2. இருட்டில் உங்கள் நொதி என்ன செய்கிறது என்பதை முதலில் அளந்து எழுதி வையுங்கள். வெளிச்சத்தில் என்ன ஆகிறது என்பது பிறகு.

இதை எல்லோரும் சரி என்று தலையாட்டுவார்கள். செய்பவர்கள் குறைவு. விளக்கைப் போட்டதும் எண் ஏறினால் மனசு அங்கேயே போய்விடுகிறது. ஆனால் பிபேக் புரதத்தின் பெருமை அது வெளிச்சத்தில் வேகமாக ஓடுகிறது என்பதில் இல்லை. இருட்டில் கிட்டத்தட்ட ஓடாமல் இருக்கிறது என்பதுதான் பெருமை. வெளிச்சத்தில் 300 மடங்கு கூடியது என்று அந்த 2011 கட்டுரை சொல்கிறது என்றால், அந்த 300 என்ற எண்ணை உண்டாக்கியது கீழே உள்ள சின்ன எண். இதற்கு முன்னால், 2002-இல், யூக்ளினா என்ற ஒற்றைச் செல் உயிரியிலிருந்து இதே வேலை செய்யும் பெரிய புரதம் ஒன்று கிடைத்திருந்தது. அது உருவத்தில் பெரிது. இருட்டிலும் ஓரளவு ஓடும். இப்படிப்பட்ட புரதத்தை நரம்புச் செல்லுக்குள் வைத்து வெளிச்சத்தால் இயக்க விரும்பியவர்கள் பாக்டீரியாவிடம் போனதற்கு அது ஒரு காரணம்.

இன்னொன்று: வெளிச்சம் என்றால் நொதி விழிக்கும், இருட்டு என்றால் தூங்கும் என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள். மோக்லிச், ஏயர்ஸ், மோஃபட் மூவரும் 2009-இல் ஒரு ஒட்டுப் புரதம் செய்தார்கள். சோயா வேர்முடிச்சு பாக்டீரியாவின் ஆக்ஸிஜன் உணரும் கைனேஸ் ஒன்றின் தலையை வெட்டிவிட்டு, பேசில்லஸ் சப்டிலிஸ் பாக்டீரியாவின் நீல ஒளி உணரும் தலையை ஒட்டினார்கள். ஒய்எஃப்1 என்று அதற்குப் பெயர். அது இருட்டில் ஓடியது. நீல ஒளி பட்டதும் ஆயிரம் மடங்குக்கு மேல் அடங்கியது. புரூசெல்லா பாக்டீரியாவின் கைனேஸில் இருப்பதும் இதே குடும்பத்து நீல ஒளித் தலைதான். அங்கே வெளிச்சம் பட்டால் கைனேஸ் கூடுகிறது. தலை ஒரே சாதி, விளைவு நேர் எதிர். இருட்டு அளவு இல்லாமல் இந்த இரண்டையும் வேறுபடுத்தவே முடியாது.

3. நிறத்தைப் பாருங்கள். கருவி அப்புறம்.

சுத்தம் செய்த புரதம் மஞ்சளாக இருந்தால் ஃபிளேவின் உள்ளே ஒட்டியிருக்கிறது. ஃபிளேவின் நமக்குப் புதிதல்ல. தயிர் தெளிந்து மேலே நிற்கும் நீரின் லேசான பச்சை மஞ்சளும், பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரை போட்ட பிறகு சிறுநீரின் மஞ்சளும் ரிபோஃபிளேவின் தருவது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாக்காரருக்குப் பால் எவ்வளவு தெரியுமோ, அந்த அளவு நீங்கள் இந்த மஞ்சளைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். வெயிலில் வைத்த பாலில் இந்த உயிர்ச்சத்து அழிந்துபோகும் என்பதும் நினைவிருக்கட்டும். உங்கள் குழாயிலும் அதே கதை நடக்கும்.

மஞ்சள் புரதத்தில் நீல விளக்கைக் காட்டியதும் நிறம் வெளுத்தால் அது பெரும்பாலும் லவ் என்ற குடும்பம். ஃபிளேவினும் பக்கத்திலிருக்கும் சிஸ்டீனின் கந்தகமும் பிணைந்துகொள்வதால் 447 நானோமீட்டர் அருகே இருந்த உச்சி சரிந்து 390 பக்கம் புதிதாக எழும். நிறம் வெளுக்காமல் உச்சி ஒரு பத்து நானோமீட்டர் சிவப்புப் பக்கம் நகர்ந்தால் புளூஃப் குடும்பம். பிபேக் இந்த இரண்டாவது ரகம்.

எஷெரிக்கியா கோலியின் ஃபோட்டோலயேஸைச் சுத்தம் செய்தால் அழகான நீல நிறத்தில் கிடைக்கும். ஏமாந்துவிடாதீர்கள். அந்த நீலம், ஃபிளேவின் பாதி ஆக்ஸிஜனேற்றம் அடைந்த நிலை. டி.என்.ஏ.வைப் பழுதுபார்ப்பது முழுதாக ஒடுக்கமடைந்த நிலை. நீலக் குழாயை நேரடியாக அளந்துவிட்டு நொதி செத்துவிட்டது என்று எழுதும் மாணவர் இன்னும் உண்டு. ஒடுக்கும் பொருள் சேர்த்து வெளிச்சம் காட்டினால், புரதத்துக்குள் வரிசையாக நிற்கும் மூன்று டிரிப்டோஃபேன்கள் வழியாக எலக்ட்ரான் கைமாறி உள்ளே வந்து ஃபிளேவினை வேலைக்குத் தயாராக்கும்.

பச்சை அல்லது நீலப்பச்சை என்றால் சிவப்பு ஒளியை உணரும் பைட்டோகுரோம் இருக்கலாம். பாக்டீரியாக்களின் பைட்டோகுரோமில் பெரும்பாலும் இருக்கும் நிறமி பிலிவெர்டின். அடிபட்ட இடம் கன்றி, சில நாள் கழித்துப் பச்சையாகும் அல்லவா, அதே பொருள்.

4. ஆய்வகத்து டியூப் லைட்டைச் சந்தேகப்படுங்கள்.

வெள்ளை எல்.இ.டி. என்பது 450 நானோமீட்டர் அருகே உமிழும் நீல விளக்கின்மேல் மஞ்சள் பூச்சு பூசியது. உங்கள் ஃபிளேவின் புரதம் விழுங்க விரும்பும் இடமும் அதே 450. அதாவது, வெள்ளை விளக்கின் கீழ் நின்றுகொண்டு இருட்டு மாதிரி என்று பெயர் எழுதி ஒட்டினால் அது இருட்டு மாதிரியே அல்ல. ஃபிளேவின் புரதம் என்றால் மங்கிய சிவப்பு விளக்கில் வேலை செய்யுங்கள். பைட்டோகுரோம் என்றால் சிவப்பு விளக்கு ஆகாது. அதற்கு மங்கிய பச்சை. இந்த இரண்டையும் மாற்றிப் போட்டால் ஒரு வருட வேலை வீண். குழாய்க்கு அலுமினியத் தாள் சுற்றுவதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

5. எண்கள் ஒத்துப்போகாத நாளில் எரிச்சல்படாமல் ஜன்னல் பக்கம் பாருங்கள். இந்தத் துறையே அப்படித்தான் பிறந்தது.

1940-களின் கடைசியில் அமெரிக்காவில் ஆல்பர்ட் கெல்னர், ஸ்ட்ரெப்டோமைசிஸ் கிரிசியஸ் வித்துகளைப் புற ஊதாக் கதிரில் வாட்டி, எத்தனை பிழைக்கின்றன என்று எண்ணிக்கொண்டிருந்தார். எண்கள் நாளுக்கு நாள் தாறுமாறாக மாறின. வெப்பநிலைதான் காரணம் என்று நினைத்து அதையே விதவிதமாக மாற்றிப் பார்த்தார். கடைசியில் குடுவைகள் மேல் விழுந்த சாதாரண வெளிச்சம்தான் செத்தவற்றைப் பிழைக்கவைக்கிறது என்று தெரிந்தது. ஏறக்குறைய அதே சமயத்தில் லூரியாவின் ஆய்வகத்தில் ரெனாட்டோ டுல்பெக்கோ, டியூப் லைட்டின் கீழ் அடுக்கி வைத்த தட்டுகளில் மேல் தட்டில் மட்டும் வைரஸ் புள்ளிகள் அதிகம் இருப்பதைக் கவனித்தார். இருவரும் 1949-இல் வெளியிட்டார்கள். 1958-இல் ரூபர்ட்டும் உடனிருந்தவர்களும் அந்த வேலையைச் செல்லுக்கு வெளியே, சாற்றிலேயே நடத்திக் காட்டியதை வெளியிட்டார்கள். வெளிச்சத்தில் இப்படிப் பிழைக்கவைப்பது ஒரு நொதி, அதாவது ஃபோட்டோலயேஸ், என்று உறுதியானது. அந்த ரூபர்ட்டின் மாணவராகச் சேர்ந்த துருக்கிக்காரர் அஜீஸ் சான்ஜார் எஷெரிக்கியா கோலியிலிருந்து அதன் மரபணுவைப் பிரித்தெடுத்தார். 2015-இல் டி.என்.ஏ. பழுதுபார்ப்புக்காக வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் அவரும் ஒருவர்.

6. புரதத்தின் உருவப்படத்தைத் திறந்தால் முதலில் நிறமியைத் தேடுங்கள், அடுத்து வினை நடக்கும் இடத்தைத் தேடுங்கள், பிறகு நடுவில் உள்ள தூரத்தைப் பார்த்து ஆச்சரியப்படுங்கள். அந்தத் தூரத்தைக் கடப்பதுதான் உங்கள் ஆய்வுப் பொருள்.

ஃபோட்டோலயேஸில் தூரமே இல்லை; ஃபிளேவினும் ஒட்டிய தைமின்களும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. 1995-இல் வந்த அதன் படிக அமைப்பில் ஃபிளேவின் வளைந்து மடங்கி உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். வெளிச்சத்தைச் சைகையாக மட்டும் எடுக்கும் இரண்டாம் வகை நொதிகளில் அப்படி இல்லை. புளூஃப் குடும்பத்தில் வெளிச்சம் பட்டால் நடப்பது ஃபிளேவினைச் சுற்றியுள்ள ஒரு குளூட்டமினும் ஒரு டைரோசினும் தங்கள் ஹைட்ரஜன் பிணைப்பை மாற்றிக்கொள்வது மட்டுமே. பிபேக் மாதிரியே வளைய ஏ.எம்.பி. செய்யும் நொதி (சைக்ளேஸ்) ஒன்றை ஆசிலடோரியா என்ற நீலப்பச்சைப் பாசியிலிருந்து எடுத்தார்கள்; அதன் அமைப்பு 2016-இல் வந்தது. இருட்டுப் படத்தையும் வெளிச்சப் படத்தையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது; ஒரு ஆங்ஸ்ட்ராம் அளவு நகர்வு, அவ்வளவுதான். அந்த நகர்வு, ஜோடியாக நிற்கும் இரண்டு புரதங்களையும் சேர்த்துக் கட்டும் சுருள்கள் வழியாகக் கீழே போய் சைக்ளேஸின் வாயைத் திருத்துகிறது. ஆசிலடோரியா நம் நெல் வயல்களில் தேங்கிய தண்ணீரில் படரும் பாசி இனம்தான். சென்னையில் பாசிகளைப் படித்த தேசிகாச்சாரி 1959-இல் வெளியிட்ட நீலப்பச்சைப் பாசிப் பெருநூலை நூலகத்தில் ஒரு தடவையாவது புரட்டிவிட்டு வாருங்கள். மரபணு மட்டும் தெரிந்து உயிரியைத் தெரியாமல் இருப்பது நல்லதல்ல.

சுருள்களின் கணக்கு இன்னும் சுவையானது. ஒய்எஃப்1 செய்தவர்கள் தலையையும் உடலையும் இணைக்கும் சுருளின் நீளத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தார்கள். ஏழு அமினோ அமிலம் கூட்டினால் பழையபடி இருந்தது, ஏனென்றால் அந்தச் சுருள் ஏழுக்கு ஒருமுறை அதே முகத்தைக் காட்டுகிறது. ஏழோடு ஒன்று கூடினால் வெளிச்சத்தில் அடங்கிய புரதம் வெளிச்சத்தில் விழிக்கும் புரதமாக மாறியது. நொதியின் வேலைப்பகுதியில் கை வைக்கவே இல்லை.

பைட்டோகுரோமில் எதிர் நிலைமை. நிறமியின் நான்கு வளையங்களில் கடைசி வளையம் மட்டும் திரும்புகிறது. அதன்மேல் படிந்திருக்கும் நாக்கு என்ற பகுதி தாள் வடிவிலிருந்து சுருள் வடிவுக்கு மடிப்பு மாறுகிறது. அதன் விளைவாக இரட்டைப் புரதத்தின் கைகள் பல நானோமீட்டர் விலகுகின்றன. டைனோகாக்கஸ் ரேடியோடுரன்ஸ் பாக்டீரியாவின் பைட்டோகுரோமில் இதை 2014-இல் காட்டினார்கள். ஒரு புரதத்தில் ஒரு ஆங்ஸ்ட்ராம், இன்னொன்றில் பல நானோமீட்டர். இரண்டிலும் நொதி விழிக்கிறது. எது சரியான வழி என்று கேட்டால் எனக்குச் சிரிப்பு வரும்.

7. யார் எந்தக் கணினி உருவத்தைக் கொடுத்தாலும் இராமச்சந்திரன் வரைபடத்தில் போட்டுப் பாருங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரன், சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் 1963-இல் வெளியிட்டது. உலகத்துப் புரதப் படம் எல்லாம் இன்றும் அந்தச் சல்லடையில் விழுந்து வருகிறது. கணினி கணிக்கும் உருவம் அழகாக இருக்கும், ஆனால் அது காட்டுவது பெரும்பாலும் ஒரே நிலை. இருட்டு நிலையா, வெளிச்ச நிலையா என்று அது சொல்லாது.

8. பெயரை வைத்து வேலையை ஊகிக்காதீர்கள்.

மேலே சொன்ன டைனோகாக்கஸ் பைட்டோகுரோம் 1999-இல் கண்டுபிடிக்கப்பட்டது. 2005-இல் அதன் ஒளி உணரும் பகுதியின் அமைப்பு வந்தது. பைட்டோகுரோம் குடும்பத்திலேயே அதுதான் முதல் படம். வரிசையைப் பார்த்தால் ஹிஸ்டிடின் கைனேஸ். எல்லோரும் அப்படியே அழைத்தார்கள். 2021-இல் அது பாஸ்பேட்டை ஒட்டும் நொதியல்ல, எடுக்கும் நொதி என்று காட்டினார்கள். சிவப்பு ஒளி பட்டால்தான் எடுக்கிறது. இருபது வருடத்துக்கு மேல் உலகமே உற்றுப் பார்த்த புரதத்துக்கு இந்தக் கதி. நீங்கள் நேற்று மரபணு வங்கியில் கண்ட பெயர் எம்மாத்திரம்.

9. வெளிநாட்டுப் பாக்டீரியாவைத்தான் தேட வேண்டும் என்றில்லை. வேளாண் விரிவாக்க மையத்தில் 200 கிராம் பாக்கெட்டில் கிடைக்கும் அசோஸ்பைரில்லத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அப்பாவோ சித்தப்பாவோ ஆறிய வடிகஞ்சியில் அதைக் கலந்து விதைநெல்லில் பிசறி, நிழலில் அரை மணி உலர்த்தி, 24 மணி நேரத்துக்குள் விதைத்திருப்பார்கள். பாக்கெட்டை வெயிலில் வைக்காதே என்று யாரோ ஒருவர் கத்தியும் இருப்பார். அது ஒளிச்சேர்க்கை செய்யாத பாக்டீரியா. வேரை ஒட்டி மண்ணுக்குள் வாழ்வது. அதற்கு எதற்கு வெளிச்சத்தை உணரும் புரதம்? ஆனால் அசோஸ்பைரில்லம் பிரேசிலென்ஸிடம் பாக்டீரியோபைட்டோகுரோம் இருக்கிறது. காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் அனில் குமார் திரிபாதி, தில்லியின் சுனில் கட்டேரியா ஆகியோர் குழு 2012-இல் இதைப் பற்றி எழுதியது. வெளிச்சமும் ஆக்ஸிஜனும் நிறமிகளும் சேர்ந்து உண்டாக்கும் நச்சு ஆக்ஸிஜனைச் சமாளிக்க அந்தப் புரதம் உதவுகிறது. அதுவும் கரோட்டினாய்டு என்ற வழக்கமான கவசத்தை நம்பாமல். ஒளியால் வாழாத உயிருக்கு ஒளி ஒரு ஆபத்து. ஆபத்து வருகிறது என்று முன்கூட்டியே தெரிய ஒரு உணரி வேண்டும். என் பார்வையில், சோலார் பேனல் மாதிரி ஒளியைச் சாப்பிடும் புரதங்களைவிட இந்த எச்சரிக்கைப் புரதங்களில்தான் செய்ய வேண்டிய வேலை நிறைய மிச்சமிருக்கிறது. நம் வட்டாரத்து வயல் மண்ணில் பிரித்தெடுத்த இனங்களில் இந்த மரபணு எப்படி இருக்கிறது என்று பார்ப்பது ஒரு எம்.எஸ்சி. திட்டத்துக்குப் போதுமான கேள்வி.

நம் நாட்டவர் செய்த இன்னொரு வேலையும் உண்டு. கட்டேரியா குழு ஜெர்மனியின் பென்ஸ்கோஃபரோடு சேர்ந்து லெப்டோனீமா, டர்னரியெல்லா என்ற சுருள் பாக்டீரியாக்களின் ஒளிச் சைக்ளேஸ்களையும் ஆராய்ந்தது. இவை எலிக்காய்ச்சல் கிருமியின் உறவுக்காரர்கள்.

10. மாதிரியை ஒரு தடவை வெளிச்சம் காட்டிவிட்டால் மறுபடி இருட்டில் வைத்து அது திரும்பும் நேரத்தையும் அளவிடுங்கள். புளூஃபில் விநாடிகள் முதல் பல நிமிடங்கள் வரை, லவ் குடும்பத்தில் சில விநாடி முதல் பல மணி நேரம் வரை. இந்த நேரம் தெரியாமல் இரண்டாவது அளவீட்டைத் தொடங்கினால் அது முதல் அளவீட்டின் மிச்சம்தான். வெப்பநிலையையும் பக்கத்தில் எழுதுங்கள். திரும்பும் வேகம் அதைப் பொறுத்து மாறும். சித்திரை மாதத்தில் குளிர்சாதனம் இல்லாத அறையில் எடுத்த எண்ணை யாரோடும் ஒப்பிட முடியாது.

11. புரூசெல்லாவை வளர்க்க ஆசைப்படாதீர்கள்.

2007-இல் சயன்ஸ் இதழில் வந்த கட்டுரையைப் படித்ததும் எல்லா மாணவருக்கும் அந்த ஆசை வரும். புரூசெல்லா அபார்ட்டஸ் பாக்டீரியாவின் லவ் கைனேஸ் நீல ஒளியில் விழிக்கிறது. வெளிச்சம் பட்ட பாக்டீரியா மேக்ரோஃபேஜ் செல்லுக்குள் பத்து மடங்கு அளவு கூடுதலாகப் பெருகுகிறது. அந்தக் கைனேஸை நீக்கினால் அந்த வித்தியாசம் போய்விடுகிறது. மாட்டின் வயிற்றிலிருந்து கலைந்து விழும் கரு வழியாகக் கிருமி வெளிச்சத்துக்கு வருகிறது என்பதோடு இதைச் சேர்த்து யோசிப்பது சரிதான். ஆனால் இது மனிதருக்கும் தொற்றும் கிருமி, காற்றில் கலந்த துளி போதும், உயர்ந்த பாதுகாப்பு வசதி உள்ள ஆய்வகத்தில் மட்டுமே தொடலாம். உங்களுக்கு வேண்டியது கைனேஸ் மரபணு மட்டும். அதை எஷெரிக்கியா கோலியில் வைத்து வேலை செய்யுங்கள், உயிர்ப் பாதுகாப்புக் குழுவின் அனுமதிக் கடிதத்தோடு.

வீட்டில் மாடு இருக்கிற பிள்ளைகளுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். கன்று வீச்சு நோய் என்று நம்மவர் சொல்வது இதுதான். கிடேரிக் கன்றுக்கு நாலு மாதத்திலிருந்து எட்டு மாதத்துக்குள் ஒரு தடுப்பூசி போட வேண்டும். கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். கலைந்த கருவையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொட வேண்டாம், குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்கச் சொல்லுங்கள். பச்சைப் பாலைக் காய்ச்சாமல் குடிக்கும் தாத்தா யாராவது வீட்டில் இருந்தால், அவரிடம் இந்த நொதியைப் பற்றி எதுவும் பேச வேண்டாம். பாலைக் காய்ச்சிக் கொடுத்தால் போதும்.